விருந்தாளி வருவதற்கு முன்பே எழுதிய விதி

நேர்மையாளர்களைப் பற்றி நாம் பகிர்ந்துகொள்ளும் கதைகள் எல்லாம் கடைசியில் ஆஸ்பத்திரியில் போய்த்தான் முடிகின்றன. அமைச்சராக இருந்த கக்கன் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் படுத்திருந்தார், வேறொருவரை நலம் விசாரிக்க வந்த எம்.ஜி.ஆர். தற்செயலாக அவரைக் கண்டு கலங்கினார் என்ற செய்தி ஆண்டுக்கு ஒரு தடவையாவது என் கைப்பேசிக்கு வந்துவிடும். நடந்ததுதான். படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் இந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்து நாம் கற்றுக்கொண்டது என்ன என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. நேர்மையாக இருந்தால் இந்தக் கதிதான் என்று கற்றுக்கொண்டிருக்கிறோம். அவரைப் போல வாழ நம்மால் ஆகாது, ஆகவே அவரைக் கும்பிட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம் என்று ஒரு சமாதானமும் செய்துகொண்டிருக்கிறோம்.

நான் தொழில்முறையில் கணக்கு எழுதுகிறவன். எனக்கு உதவுகிற நேர்மைக் கதை ஒன்று உண்டு. அதில் யாரும் வறுமையில் சாகவில்லை, யாரும் பதவியைத் தூக்கி எறியவில்லை. ஒரு கணக்காளர் ஒரு செலவை ஏற்க மறுத்தார், அவ்வளவுதான். செலவு யாருடையது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தக் கணக்காளர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில், ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸாகப் பிறந்தவர். லண்டனில் தணிக்கைத் தொழில் பயின்று, பம்பாயில் சொந்தமாக அலுவலகம் நடத்திச் செழிப்பாக இருந்தவர். பிறகு அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதி படித்தபோது, இந்தியாவின் வறுமைக்கும் பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுக்கும் உள்ள தொடர்பை ஆராயப் போய், தன் அரசியலையே மாற்றிக்கொண்டு திரும்பினார். எந்த மேடைப் பேச்சும் அவரை மாற்றவில்லை. அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார், அதில் எழுதியிருந்தது அவரை மாற்றியது. ஒரு கணக்காளனாக எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை மறைப்பானேன்.

அந்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டுதான் 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். பட்டு உடையும் கைத்தடியுமாகப் போனவர், குறித்த நேரத்துக்கு முன்பே போய்விட்டதால் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்று தெரியாமலே வேடிக்கை பார்த்தார் குமரப்பா. முதியவரே பேச்சுக் கொடுத்த பிறகுதான் விளங்கியது. பட்டுக் கால்சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு வெகு சீக்கிரம் கதருக்கு மாறினார். வேட்டியையும் பைஜாமாவையும் கலந்து ‘தோத்திஜாமா’ என்று தனக்கென ஓர் உடையை வடிவமைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். மாறுவதென்று முடிவு செய்த பிறகும், பிறர் தைத்துக் கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொள்கிற ஆள் அல்ல அவர்.

அந்தச் செலவு விஷயம் 1934இல் நடந்தது. அந்த ஆண்டு ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. நாடெங்கும் இருந்து பணம் குவிந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. நிதியைக் கட்டிக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. நிவாரணப் பணம் என்றால் எப்படி இருக்கும் என்று அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். வரவு மூட்டை மூட்டையாக வரும், செலவு ஓட்டை ஓட்டையாகப் போகும், எழுதுவதற்குத்தான் ஆள் இருக்காது. குமரப்பா முதலில் செய்த காரியம், களத்தில் இருக்கும் தொண்டர் ஒருவருடைய சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு இத்தனை அணா என்று ஒரு வரம்பு கட்டியதுதான். அதற்கு மேல் ஒரு காசு நிதியிலிருந்து கிடையாது.

அதன் பிறகு காந்தி பாட்னாவுக்கு வந்தார். தனியாக அல்ல, அவர் வந்தால் கூடவே ஒரு பரிவாரம் வரும். சாப்பாடு, காருக்குப் பெட்ரோல் என்று செலவு ஆகும். அந்தச் செலவு நிவாரண நிதியில் சேராது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார் குமரப்பா. விஷயம் காந்தியின் காதுக்குப் போனது. கூப்பிட்டு விசாரித்தார். குமரப்பா விதியை விளக்கினார். காந்தி ஒப்புக்கொண்டார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் குமரப்பாவின் துணிச்சலையும் காந்தியின் பெருந்தன்மையையும் வியந்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அந்த வியப்பு குறைவு. காந்தி வந்து நின்ற நாளில் குமரப்பாவுக்குப் பெரிய துணிச்சல் தேவைப்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். வேலை முன்பே முடிந்துவிட்டது. வரம்பு கட்டிய நாளில் யார் வரப்போகிறார் என்று அவருக்குத் தெரியாது. வந்தவர் யார் என்று பார்த்த பிறகு விதி எழுத உட்கார்ந்திருந்தால், உலகத்திலேயே கடினமான கணக்கு அதுவாக இருந்திருக்கும். காந்திக்குப் பெட்ரோல் இல்லை என்று எந்தத் தமிழன் எழுதுவான்? முன்பே எழுதிவிட்டதால், அன்றைக்கு அவர் செய்ய வேண்டியிருந்தது எழுதியதைப் படித்துக் காட்டுவது மட்டும்.

சொந்த மதிப்பீடுகளின்படி வாழ்வது என்று நாம் பெரிதாகப் பேசுவதில் பாதிக்கு மேல் இந்த முன்தேதி வேலைதான் என்பது என் கட்சி. நெருக்கடியில் மனசாட்சி விழித்துக்கொள்ளும் என்று நம்புவது வீண். நெருக்கடியில் விழித்துக்கொள்வது வக்கீல் மூளை. அது எந்தக் காரியத்துக்கும் ஒரு நியாயம் தேடிக் கொடுத்துவிடும். ‘இந்த ஒரு தடவை’, ‘இவர் வேறு’, ‘எல்லோரும் செய்வதுதானே’ என்ற மூன்று வாதங்களை வைத்துக்கொண்டே அது எல்லா வழக்கையும் ஜெயித்துவிடும்.

நான் இதைக் கண்ணால் பார்த்தது 2015 டிசம்பரில். அடையாறு கரை மீறிச் சென்னையின் தென்பகுதி முழுக்க நீரில் நின்ற வாரம் அது. எங்கள் பகுதியில் நண்பர்கள் சேர்ந்து அரிசி, பாய், போர்வை, பால் பவுடர் என்று வாங்கிக் கொடுத்தோம். ஊரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பணம் வந்தது. கணக்கு எழுதத் தெரிந்தவன் என்பதால் நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. யாரும் திருடவில்லை. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நிவாரணக் கணக்கு என்றவுடனே நம் புத்தி அங்கேதான் போகும். பிரச்சினை வந்தது டீயில். நாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நடந்த பையன்களுக்கு டீயும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்தால் அதை எதில் எழுதுவது? பொருள் ஏற்றி வந்த வண்டிக்கு டீசல் சரி. பார்வையிட வந்த பெரிய மனிதர் ஒருவரின் காருக்கு டீசல்? அவர் பத்துப் பேரிடம் சொல்லிப் பணம் வாங்கித் தந்தவர். ‘இதர செலவு என்று போட்டுவிடுங்கள் சார்’ என்றார் ஒருவர். கணக்குப் புத்தகத்தில் நான் மிகவும் பயப்படும் தலைப்பு அதுதான். பெயர் சொல்லக் கூச்சப்படும் செலவுகளுக்கெல்லாம் அங்கே இடம் கிடைக்கும்.

அன்று இரவு, மின்சாரம் இல்லாத வீட்டில் உட்கார்ந்து ஒரு விதியைப் பேசி முடித்தோம். பொருளும் அதை ஏற்றிச் செல்லும் செலவும் நிதியில். சொந்த வண்டியில் வருகிறவர்கள் தங்கள் எரிபொருளைத் தாங்களே பார்த்துக்கொள்வது. டீ, சாப்பாடு எங்கள் சொந்தக் கையிலிருந்து. சொன்னவுடன் எல்லோரும் தலையாட்டினார்கள். ஓர் ஆள் மட்டும் பேசாமல் இருந்தார். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்களுக்குச் சம்பளம் மாதம் பிறந்தால் வரும், அவருக்கு அன்றன்றைக்கு ஓட்டினால்தான். எங்களோடு நின்ற நாள்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிய வழி இல்லை. சொந்தக் கையிலிருந்து சாப்பிடலாம் என்பது கை நிறைய இருப்பவர்கள் எழுதிய விதி. அதை மாற்றினோம். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்குச் சாப்பாடும் ஒரு சிறு தொகையும் நிதியிலிருந்து கொடுப்பது, அதைக் கூச்சப்படாமல் அவர் பெயரிலேயே எழுதுவது என்று.

குமரப்பாவின் அணா வரம்பை நான் சரியாகப் புரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். அது வெறும் சிக்கனம் அல்ல. ஏழைத் தொண்டன் ஒருவன் பட்டினி கிடக்காமல் வேலை செய்ய அது இடம் கொடுத்தது. வசதியாக வருகிறவர் அதற்கு மேல் எடுக்காமல் தடுத்தது. ஒரே வரம்புதான், கீழே இருப்பவனுக்குத் தரையாகவும் மேலே இருப்பவருக்குக் கூரையாகவும் இருந்தது. பணம் யாருடையது என்று தெளிவாக இருந்தவருக்குத்தான் இப்படி விதி எழுத வரும். அது கொடுத்தவருடையதும் அல்ல, வைத்திருப்பவருடையதும் அல்ல. இடிந்த வீட்டின் முன்னால் நிற்கும் பீகார்க்காரனுடையது.

கணக்கு கலங்கினால் கடைசியில் நிற்கிறவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. சிறையிலிருந்து வெளிவந்து சென்னையில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்த வ.உ.சி.க்காகத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். அந்தத் தொகை, 347 ரூபாய்ச் சொச்சம், அவர் கைக்கு வருவதற்குள் 1915, 1916 ஆண்டுகளில் இருவருக்கும் இடையே கடிதம் கடிதமாக நடந்தது. எவ்வளவு வந்தது, யார் கொடுத்தார்கள் என்பது காந்திக்குச் சரியாக நினைவில் இல்லை. இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. ஆனாலும் கப்பல் ஓட்டிய மனிதர் தனக்குரிய சில நூறு ரூபாய்க்காக எழுதி எழுதிக் காத்திருந்தார். பீகாரில் குமரப்பா சொன்னதைக் காந்தி தடையின்றி ஏற்றுக்கொண்டதற்கு இந்தப் பழைய அனுபவமும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றும். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, கணக்குப்பிள்ளையின் ஊகம்.

தன் பக்கத்து ஆட்களிடம் விதியைக் காட்டுவது குமரப்பாவுக்கு வழக்கமாகவே இருந்தது. எதிரியிடம் நேர்மையாக இருப்பது எளிது. வெள்ளைக்காரனின் கணக்கைப் பிரித்து மேயும்போது கைதட்ட ஆயிரம் பேர் இருந்தார்கள். உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் அவர் தன் சொந்தத் திருச்சபையைப் பார்த்துக் கேட்டார். இயேசுவின் பெயரைச் சொல்லும் சபை, அகிம்சையாகப் போராடும் மக்கள் அடிபடும்போது யார் பக்கம் நிற்கிறது என்று கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட்டுக்கு வெளிப்படையாக எழுதினார். கதர் உடுத்தி, சிறைக்குப் போய்வந்த பிறகும் கிறிஸ்தவராகவே இருந்தார். சிறையில் உட்கார்ந்து இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூலும் எழுதினார். விடுதலைக்குப் பிறகு இன்னும் கடினமான கட்டம். அதிகாரத்தில் இருந்தவர்களில் பலர் அவரைப் போலவே சிறைக்குப் போனவர்கள். பெரிய அணை, பெரிய ஆலை என்று அவர்கள் போன பாதை கிராமத்தைக் கைவிடும் பாதை என்று எழுதினார், பேசினார், குழுக்களில் வாதாடினார். பெரிய பதவிகள் அவர் பக்கம் வரவில்லை. மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கிவிட்டார். அங்கே அவர் குடிலில் காந்தியின் படத்தோடு ஓர் ஏழை விவசாயியின் படமும் இருந்ததாம். வந்தவர்கள் கேட்டால், அது என் எஜமானர், இது என் எஜமானரின் எஜமானர் என்பாராம்.

அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. கோபக்காரர் என்பதில் அவரை நேசித்தவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கூடவே வேலை செய்வது சுலபமாக இருந்திருக்காது. அவருடைய பொருளாதாரத்தில் எல்லாவற்றையும் நான் ஏற்கவும் இல்லை. கைக்குத்தல் அரிசி உடம்புக்கு நல்லது என்று அவர் சொன்னது சரி, அதை விடியற்காலையில் குத்தப் போகிற கை யாருடையது என்று என் பாட்டி கேட்டிருப்பாள். ஆனால் சொன்னதைத்தான் அவர் பயன்படுத்தினார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கை வார்தாவில் அவர் செயலாளராக இருந்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் உருவாக்கியது. அவர் நடத்திய கிராமக் கைத்தொழில் பத்திரிகை கையால் செய்த காகிதத்தில் வந்தது. கையால் செய்த காகிதம் நல்லது என்ற கட்டுரையை ஆலைக் காகிதத்தில் அச்சடித்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். செலவும் குறைந்திருக்கும்.

இனி என் சிறிய விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வீடு வாங்கப் புறப்பட்டோம். தமிழ்நாட்டில் பழைய வீடு வாங்கிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. விலை ஒன்று, பத்திரத்தில் ஏறும் விலை வேறொன்று. அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டிப் பத்திரம், மிச்சம் ரொக்கமாக. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், அதன் மேல் பதிவுக் கட்டணம். முழு விலையையும் காட்டினால் வாங்குகிறவருக்கு லட்சக்கணக்கில் கூடுதல் செலவு, விற்கிறவருக்கு வருமான வரி. இரண்டு பக்கத்துக்கும் லாபமான பொய் என்பதால் அதைப் பொய் என்று சொல்லவே யாருக்கும் நாக்கு வருவதில்லை. ‘நடைமுறை’ என்பார்கள்.

வீடு பார்க்கும் முன்பே நானும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டோம். முழுத் தொகையும் வங்கி வழியாக, முழுத் தொகைக்கும் பத்திரம். அவள் கேட்ட கேள்வி நியாயமானது. “பிடித்த வீடு கிடைத்து, அவர்கள் பாதி ரொக்கம் கேட்டால் என்ன செய்வீர்கள்?” பிடித்த வீட்டைப் பார்க்கும் முன்பே தரகரிடம் சொல்லிவிடுவோம் என்றேன். சொன்னோம். தரகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார், இப்படிக் கேட்டால் உங்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? நீங்கள் வங்கிக் கடன் அதிகமாக வேண்டும் என்பதற்காகக் கேட்கிறீர்களா?” என்றார். கடன் ஒரு காரணம்தான், ஆனால் அது முதல் காரணம் அல்ல என்றேன். அவர் நம்பவில்லை. கடைசிவரைக்கும், இந்த ஆள் வருமான வரித்துறையில் இருக்கிறார் போல என்றே என்னை வைத்திருந்தார்.

நல்ல காற்றோட்டமான, கிணறும் மாமரமும் உள்ள ஒரு வீடு கைநழுவிப் போனது. உரிமையாளர் மரியாதையான மனிதர், காபி கொடுத்தார், ‘உங்கள் கொள்கையை மதிக்கிறேன், ஆனால் எனக்குக் கட்டுப்படியாகாது’ என்றார். மனைவி அந்த மாமரத்தை இன்னும் பேசுவாள். பிறகு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பணத்தை முறையாக அனுப்ப வேண்டிய கட்டாயத்தில் இருந்த ஒரு முதிய தம்பதி கிடைத்தார்கள். அவர்களுக்கும் முழுப் பத்திரம்தான் தேவைப்பட்டது. அவர்கள் கொள்கைக்காகச் செய்யவில்லை, சௌகரியத்துக்காகச் செய்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நேர்மைக்குத் துணையாக யாருடைய சௌகரியம் வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். முன்பே சொல்லி வைத்ததால் எந்த வீட்டிலும் முன்பணம் கொடுத்த பிறகு வாதாட வேண்டிவரவில்லை. சண்டையும் இல்லை, வீர வசனமும் இல்லை.

உறவினர் ஒருவர் மட்டும், “பிழைக்கத் தெரியாதவன்டா நீ” என்றார். எங்கள் வீட்டில் இது ஏச்சா பாராட்டா என்று சொல்ல முடியாத தொனியில்தான் எப்போதும் வரும். அவர் தன் மகளுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை குடும்பத்தின் கடன் நிலவரத்தை விசாரித்து உள்ளதை உள்ளபடி சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார். பிழைக்கத் தெரியாதவனின் சொல்லுக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது. அதை எதிர்பார்த்து வாழ்ந்தால் அது கிடைக்காது என்பதுதான் வேடிக்கை.

முன்பே எழுதிய விதி எல்லா இடத்திலும் உதவும் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை போய்விடும் என்ற நிலையில் இருக்கிறவனிடம், இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் பெண்ணிடம், ‘நீ ஏன் மறுக்கவில்லை’ என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. மாமரத்தை இழக்க என்னால் முடிந்தது, ஏனென்றால் இருக்க ஒரு வாடகை வீடு இருந்தது. குமரப்பாவுக்கும் ஒரு தொழில் கையில் இருந்தது, படிப்பு இருந்தது, குடும்பம் கட்டாத தனியாள். அதனால்தான் விதி எழுதும்போது ஆட்டோக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது முக்கியம் என்கிறேன். என் நேர்மையின் செலவை வேறு யாராவது கட்டிக்கொண்டிருந்தால் அதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு வாய் வராது. அப்பாவின் கொள்கைக்காகப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் நின்ற பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் அப்பாவின் படத்துக்கு மாலை போடுகிறார்கள், மறு பேச்சு பேசுவதில்லை.

குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார். காந்தி சுடப்பட்ட அதே தேதி என்பதால் அவரது நினைவுநாள் பெரிய நினைவுநாளுக்குள் மறைந்துவிடுகிறது. கணக்காளர்களுக்கு இது பழகிய விஷயம்.

இப்போது எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நான் பொருளாளர். சென்ற பொதுக்குழுவில், வருகிற தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் நம் தெருவுக்குச் செய்து தர முன்வரும் எதையும், கோயில் விளக்காக இருந்தாலும் நாற்காலியாக இருந்தாலும், சங்கத்தின் பெயரில் வாங்குவதில்லை என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். இன்னும் யாரும் எதையும் கொண்டுவரவில்லையே, இப்போதே எதற்கு என்று கேட்டார்கள். அதனால்தான் இப்போது என்றேன். நீண்ட வாதத்துக்குப் பிறகு ஒத்திவைத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு.